சோற்றுக்கு மேல் என்ன ஊற்றட்டும்?

போன வாரம் தம்பியின் நண்பன் ஒருவன் வாட்ஸாப்பில் கேட்டிருந்தான். "அக்கா, பிள்ளைங்க லீவுக்குச் சார்ல்ஸ்டன் போறோம். அங்க சதர்ன் சாப்பாடு, கம்ஃபர்ட் ஃபுட்னு சொல்றாங்களே, அது எங்க நல்லா இருக்கும்? நாலு இடம் சொல்லுங்களேன்." (சதர்ன் என்றால் அமெரிக்கத் தென் மாநிலங்களின் வீட்டுச் சமையல்.) நாலென்ன, பத்து இடம் சொல்லலாம். நாங்கள் அமெரிக்காவில் வட கரோலினாவின் ஷார்லட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் தென் கரோலினாவின் கடற்கரை ஊரான சார்ல்ஸ்டன், ஊரிலிருந்து யார் வந்தாலும் கடலைக் காட்ட அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம். பதில் அடிக்க உட்கார்ந்தேன். கடைப் பெயர்கள் கடகடவென்று வந்தன. "ஓக்ரா சூப் மட்டும் விட்டுடாதீங்க" என்று அடித்ததும் கை நின்றுவிட்டது. அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். கடைசியில் "நாளைக்கு அனுப்புறேன்பா" என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை, பையன் தினமும் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

விஷயம் கடைகளைப் பற்றியது இல்லை. அந்த வெண்டைக்காய் சூப்பில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அம்மாவிடம்.

2023 அக்டோபரில் அம்மா வந்திருந்தாள். நன்னிலம் பக்கத்துக்காரி, அறுபத்தேழு வயது, வயலும் வாய்க்காலும் தவிர எதையும் பெரிதாக மதிக்காதவள். மீன், கோழி, ஆடு எல்லாம் சாப்பிடுவாள், சமைப்பாள், நன்றாகவே சமைப்பாள். மாடும் பன்றியும் எங்கள் வீட்டு வாசலுக்குள் வந்ததில்லை. (அது ஏன் வந்ததில்லை, யார் வீட்டுக்குள் வந்தது என்பதெல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை, அதை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.) வெளியே சாப்பிடுவதென்றால் அம்மாவுக்கு முதல் கேள்வி "அந்தச் சட்டியிலயேவா இதையும் பண்றாங்க?" என்பதுதான். இப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு, பன்றிக் கொழுப்பில்லாமல் ஒரு கீரைகூட வேகாத ஊருக்கு மூன்று நாள் பயணம் போனது என் புத்திசாலித்தனம்.

ரவைக் களி

முதல் நாள் ராத்திரி, எல்லாரும் போகும் ஒரு பெரிய உணவகம். பெயர் வேண்டாம். ஒன்றேகால் மணி நேரம் வாசலில் நின்றோம், கையில் ஒரு கருவியைக் கொடுத்து, அது அதிரும்போது வாருங்கள் என்றார்கள். உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ் வந்தது. கிரிட்ஸ் என்பது சோளத்தை ரவையாக உடைத்துக் குழையக் குழையக் காய்ச்சியது, அதில் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் அடித்துச் சேர்த்திருப்பார்கள். அம்மா முள்கரண்டியால் ஒரு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ரவைக் களி மேல ஆறு இறாலு. இதுக்கா இவ்ளோ நேரம் நின்னோம்?" விலையை நான் சொல்லவில்லை, அவளே ரசீதைப் பார்த்து எண்பதால் பெருக்கிக்கொண்டாள்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பண்டத்தின் மேல் தப்பில்லை. இந்தக் கடற்கரையில் இறால் பிடிப்பவர்கள் காலையில் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாடு அது, வீட்டில் இருந்த சோளக் கஞ்சிக்கு வலையில் விழுந்த சின்ன இறால். பழைய சார்ல்ஸ்டன்காரர்கள் அதைக் கிரிட்ஸ் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், ஹாமினி என்பார்கள். 1985-இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் பில் நீல் என்ற சமையல்காரர் செய்ததை நியூயார்க் டைம்ஸில் கிரெய்க் கிளெய்போர்ன் எழுதிய பிறகுதான் அது நாடு முழுக்க மேசைத் துணி போட்ட இடங்களுக்குப் போனது. நம் ஊர் நட்சத்திர ஹோட்டலில் பழைய சோற்றை மண்சட்டியில் வைத்து ஐந்நூறு ரூபாய் போடுகிறார்களே, அந்த மாதிரி. காரைக்காலில் இறங்கி நட்சத்திர ஹோட்டலில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு "டெல்டா சாப்பாடு இவ்வளவுதானா" என்று ஒருவன் கேட்டால் எப்படி இருக்கும்? அன்றைக்கு நான் அம்மாவுக்குக் காட்டியது அதைத்தான்.

மறுநாள் காலை ஓட்டல் அறையில் அம்மா வாழைப்பழமும், நான் பையில் வைத்திருந்த தயிர்சாதமும். மத்தியானம் வேறொரு இடம், கேட்டுக் கேட்டு ஆர்டர் செய்து, கோழி வந்தது, அதற்கு மேல் தேனும் இருந்தது. "கோழிக்கு ஏண்டி தேனு?" அதோடு நிறுத்திக்கொண்டாள். ராத்திரி மறுபடி வாழைப்பழம்.

மதகு

மூன்றாம் நாள் காலை ஆஷ்லி ஆற்றங்கரையில் மிடில்டன் பிளேஸ் போனோம். பெரிய மாளிகையில் எரிந்தது போக மிஞ்சிய ஒரு பகுதி, படிப்படியாக ஆற்றுக்கு இறங்கும் புல்வெளி, எல்லாரும் போட்டோ எடுக்கும் இடம். அம்மாவுக்குப் பூச்செடியில் எல்லாம் ஈடுபாடு கிடையாது. அங்கே பார்வைக்காகச் சின்னதாக ஒரு நெல் வயல் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் நடை வேகமாகிவிட்டது. இவர்கள் டிரங்க் என்று சொல்லும் ஒரு மர அமைப்பு உண்டு. வரப்புக்கு அடியில் நீளப் பெட்டி மாதிரி, இரண்டு முனையிலும் கதவு. கடல் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீர் மேலே எழும்பும், அதை வயலுக்குள் விட்டு, இறங்கும்போது வடியவிடுவார்கள். நான் பலகையைப் படித்து மொழிபெயர்க்க ஆரம்பிப்பதற்குள் அம்மா, "மதகுடி இது. ரெண்டு பக்கமும் பலவை போட்டிருக்கான் பாரு" என்றாள். அப்புறம் உரல் பார்த்தாள், உலக்கை பார்த்தாள். முந்தின நாள் சிட்டி மார்க்கெட்டில் கறுப்பினப் பெண்கள் ஸ்வீட்கிராஸ் என்ற புல்லில் கூடை பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தோம், அதில் பெரிய வட்டத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்து இரண்டு தரம் புடைப்பது போல் ஆட்டிவிட்டு, விலை சில நூறு டாலர் என்றதும் மெல்ல வைத்துவிட்டு வந்திருந்தாள். இப்போது அதையும் சேர்த்துச் சொன்னாள். "அந்த வட்ட மொறம் இதுக்குத்தானா."

இதுக்குத்தான். 1670-இல் உண்டான ஊர் சார்ல்ஸ்டன். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் நெல் வந்தது, அமெரிக்கப் புரட்சிக்கு முன்பு வட அமெரிக்காவின் பெரும் பணக்கார ஊர்களில் ஒன்றாக இதை ஆக்கியதும் அந்த நெல்தான். கரோலினா கோல்ட் என்று பெயர். செனகாம்பியா, சியரா லியோன் என்று நெல் விளைவித்துப் பழகிய மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கி வந்து, சதுப்புக் காட்டை வெட்டி வரப்புப் போட வைத்து உண்டாக்கிய வயல்கள். அடிமை முறை போனபின், புயல் மேல் புயலும் அடித்து, 1911 புயலோடு கிட்டத்தட்ட எல்லாம் முடிந்தது. அந்த நெல்லும் மறந்துபோனது. 1980களின் நடுவில் சவான்னாவைச் சேர்ந்த ஒரு கண் டாக்டர், தன் நிலத்துக்கு வாத்து வரட்டும் என்று அரசாங்க விதைச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் வாங்கி விதைத்தார், அதிலிருந்துதான் அது மறுபடி தலையெடுத்தது. அதற்கு வாசமுள்ள ஒரு தம்பி ரகமும் இப்போது உண்டு, சார்ல்ஸ்டன் கோல்ட். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ். நம் ஊரில் ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64 என்று மூட்டை மூட்டையாகப் போட்டார்களே, அந்த நெல்லை உண்டாக்கிய அதே குஷ். இதைச் சொன்னபோதுதான் அம்மா முதல் தடவையாக இந்த ஊரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். "ஐயார் முப்பத்தாறு நம்ம தெக்கால கட்டளையில போட்டோம்."

திரும்பி நடக்கும்போது மாளிகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "இவ்ளோ பெரிய வீடு. நடவு யாரு நட்டா?" சொன்னேன். அதற்கப்புறம் வண்டியில் ஏறும்வரை பேசவில்லை. எங்கள் தாத்தா வீட்டிலும் பண்ணையாட்கள் இருந்தார்கள்.

கவுன்ட்டர்

மத்தியானம் இரண்டு மணி. பழைய ஊரைத் தாண்டி வடக்கே, டயர் கடைக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடம். வெளியில் மேசை கிடையாது. உள்ளே நீளமான சூடான பெட்டிகள், கண்ணாடிக்குப் பின்னால் ஆவி, சுவரில் இன்றைய சாப்பாடு கையால் எழுதியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் துறைமுகத்து வேலைக்காரர்கள், செவிலியர் சீருடையில் இரண்டு பெண்கள், ஒரு தபால்காரர். அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தக்காளி சாதம் மாதிரி சிவப்பாக ஒன்று, அதுதான் ரெட் ரைஸ். பெரிய மொச்சை குழைந்து கிடந்தது. கீரை. காராமணி. அப்புறம் தக்காளியும் வெண்டைக்காயும் வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டு, கொழகொழவென்று, மேலே எண்ணெய் மின்ன, இறால் தலைகாட்டிக்கொண்டு.

"வெண்டக்கா கொழம்பு!" என்றாள் அம்மா. கவுன்ட்டரில் இருந்த பெண்மணிக்கு அம்மா வயதுதான் இருக்கும். தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் முதலில் அடியில் சோறு வைத்தாள். வெள்ளைச் சோறு, பொலபொலவென்று. அதற்கப்புறம்தான் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், சோற்றுக்கு மேல் என்ன ஊற்றட்டும் பேபி, என்று. அம்மா புரியாமலே வெண்டைக்காயைக் காட்டினாள். அந்தப் பெண்மணி ஊற்றப்போனவள் சட்டென்று நிறுத்தி, என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னாள்: இது புகைபோட்ட பன்றிக் கழுத்தெலும்பு போட்டுக் காய்ச்சினது, அம்மாவுக்குப் பரவாயில்லையா?

கேட்டாள். அவள் கேட்டாள் என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். மூன்று நாளில் முதல் தடவையாகக் கண்ணில் பசி தெரிந்தது, உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கரண்டியில் எலும்பு எதுவும் இல்லை, வெண்டைக்காயும் இறாலும்தான். "பரவாயில்லை" என்று சொன்னேன். "என்ன சொல்றா?" என்றாள் அம்மா. "காரம் பரவால்லையான்னு கேக்குறாங்கம்மா."

வண்டியின் முன்சீட்டில், பெட்டியை மடியில் வைத்து, பிளாஸ்டிக் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடவில்லை. நடுவில் ஒரு தரம் நிறுத்தி விரலை முகர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "விறகடுப்புல வச்சிருப்பாங்க போல. அந்தப் புகை வாசம் அப்படியே ஏறியிருக்கு. நம்ம ஆத்தா வெக்கிற கொழம்பு மாரி." அப்புறம் சிரித்துக்கொண்டே, "என்னைய பேபிங்கிறாடி அவ."

ஷார்லட் வந்து சேரும்வரை மூன்றரை மணி நேரமும் அதைப் பற்றியேதான் பேசினாள். சோளக் களிக்கு ஒன்றேகால் மணி நேரம் நிக்க வச்சியே, முதல்லயே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம்ல என்று இரண்டு தரம் திட்டும் விழுந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஒரே ஒரு தரம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் கவுன்ட்டரில் என் பின்னால்தான் நின்றிருந்தார்.

நான் செய்தது சரியா என்று யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்தான் வருகிறது. "சாப்பிட்டாங்கல்ல, விடு" என்பது ஒன்று. "எப்படிடி மனசு வந்துச்சு" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே உறைக்கவில்லை. அம்மாவின் பழக்கத்தில் எனக்கு மரியாதை இருக்கிறதா என்றால், முழுசாக இல்லை. அந்த அருவருப்பில் பாதி சாப்பாட்டைப் பற்றியது, மீதி அதைச் சாப்பிடுகிற ஆட்களைப் பற்றியது என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. ஆனால் அதை அவளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசாமல் வாயில் ஊட்டிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அம்மாவுக்குக் கொடுத்த மரியாதையை நான் கொடுக்கவில்லை.

சரி, கடைகள்

பையன் காத்திருக்கிறான், அவனுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். வடக்கு சார்ல்ஸ்டனில் பெர்த்தாஸ் கிச்சன், மீட்டிங் ஸ்ட்ரீட் ரோட்டில் நீலக் கட்டடம். 1979-இல் அல்பெர்த்தா கிரான்ட் ஆரம்பித்தது, குடும்பத்துப் பெண்கள் எடுத்து நடத்தினார்கள். 2017-இல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதுக்காரர்கள் அமெரிக்கா'ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் இதைச் சேர்த்தார்கள். இங்கே மொச்சையும் சோறும் சாப்பிடுங்கள். ஊருக்குள் ஈஸ்ட் சைடில் ஹானிபல்ஸ் கிச்சன், 1985-இலிருந்து இருக்கிறது, நண்டுச் சாதத்துக்குப் பேர் போனது. நண்டுச் சதையை வெங்காயம், மிளகாயோடு வதக்கிச் சோற்றில் புரட்டித் தருவார்கள், நாகப்பட்டினத்துக்காரனாக இருந்தால் கண் கலங்கும். முழுப் பன்றியை ராத்திரி பூரா கட்டைத் தணலில் வாட்டுவதைப் பார்க்கவேண்டுமென்றால் ராட்னி ஸ்காட்டின் கடை கிங் ஸ்ட்ரீட்டில், அவருக்கும் 2018-இல் அதே ஜேம்ஸ் பியர்ட் விருது, தென்கிழக்கின் சிறந்த சமையல்காரர் என்று. மார்த்தா லூஸ் கிச்சன் என்று பழைய கட்டுரைகளில் படித்துவிட்டுத் தேடாதீர்கள். பழைய பெட்ரோல் பங்க் கட்டடத்தில் இளஞ்சிவப்பாக, 1983-இலிருந்து இருந்தது, இடத்தை விற்றுவிட்டதால் 2020-இல் மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் மார்த்தா லூ கேட்ஸ்டன் இறந்துபோனார், தொண்ணூறு தாண்டியவர். நான் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன், அதுவும் கூட்டமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் தெற்கே சவான்னா போகிறவர்கள் மிஸஸ் வில்க்ஸுக்குப் போங்கள். ஒரு மேசைக்குப் பத்துப் பேர், தெரியாதவர்களோடு உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாகக் கைமாற்றிச் சாப்பிட வேண்டும், கிட்டத்தட்ட கல்யாணப் பந்தி. சனி, ஞாயிறில் போய் ஏமாறாதீர்கள்.

பொதுவாக ஒன்று. சோறுதான் இந்தச் சாப்பாட்டின் அடித்தளம், மீதி எல்லாம் அதற்கு மேல் ஊற்றுவது. குல்லா (நம்ம தொப்பி இல்லை, இந்தக் கரையின் கறுப்பின மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் அதுதான் பெயர்) வீடுகளில் சமையல் என்றால் முதலில் உலை வைப்பதுதான். புது வருஷத்தன்று காராமணிச் சோறும் கீரையும் வைத்தால் காசு சேரும் என்பார்கள். ஓக்ரா என்ற சொல்லே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அந்த மக்களோடு வந்தது. எள்ளை பென்னே என்பார்கள், அதுவும் அப்படித்தான், பென்னே வேஃபர்ஸ் என்று மார்க்கெட்டில் எள் பிஸ்கட் விற்கும், ஊருக்கு வாங்கிப் போக நல்லது. பன்றி சாப்பிடாதவர்கள் கீரை, மொச்சை, சிவப்புச் சோறு, சூப் எதையும் கேட்காமல் வாங்காதீர்கள். பல வீடுகளிலும் கடைகளிலும் இப்போது புகைபோட்ட வான்கோழி போடுகிறார்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். நீங்களும் கூட வந்தவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அம்மா ஊருக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள், அடுப்படியில் நின்றுகொண்டு. போனை வாணலிக்கு மேலே பிடித்துக் காட்டினாள், தக்காளி, வெண்டைக்காய், இறால், புளி கிடையாது. "மூணாவது தடவ பண்றேன். எல்லாம் சரியா வருது. அந்த வாசம் மட்டும் வரமாட்டேங்குது. கொட்டாய்ல விறகடுப்பு மூட்டிக்கூடப் பாத்துட்டேன். அதுல வேற என்னடி போட்டிருந்தா அவ?"

திரையில் அம்மா முகம் பாதிதான் தெரிந்தது, மீதி ஆவி. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் இதே வெண்டைக்காய்க் குழம்புக்குப் புகைபோட்ட மீன் போடுவார்கள் என்று எங்கேயோ படித்தது எப்படியோ அந்த நொடியில் நினைவுக்கு வந்தது.

"கருவாடும்மா. தணல்ல சுட்டுட்டுப் போடு."

"கருவாடா? அதானே பாத்தேன்." போனை அப்படியே மேடையில் சாத்திவைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கருவாட்டுப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது.